மூக்கு வழியாகப் போனது

என் அம்மா சுப்புலக்ஷ்மி சமையல்காரி. ஆனால் அடுப்பில் இருப்பதை ஒரு நாளும் ருசி பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் அவள் வேலையின் முதல் சட்டம்.

ஸ்ரீவராகத்திலும் கோட்டைக்கு உள்ளே இருக்கிற தெருக்களிலும் யார் வீட்டில் திவசம் வந்தாலும் அம்மாவுக்குத்தான் போன் வரும். இறந்துபோனவர் வருஷத்துக்கு ஒரு தடவை, தன் திதியன்று, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்பது எங்கள் தெருவின் நம்பிக்கை. அவருக்காக இரண்டு பிராமணர்கள் இலையில் உட்காருவார்கள். அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை அந்தச் சமையலில் ஒரு பருக்கை வேறு யார் வாயிலும் படக்கூடாது. பட்டால் எச்சில். சமைப்பவள் குளித்துவிட்டு, ஈரப் புடவையைச் சுற்றிக்கொண்டு, பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அடுப்படியில் நிற்க வேண்டும். மிளகாய் கிடையாது, பெருங்காயம் கிடையாது. மிளகையும் சீரகத்தையும் வைத்துக்கொண்டு ஒரு இலையை நிரப்ப வேண்டும்.

அப்படியானால் உப்பு சரியா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் அம்மாவிடம் மூக்கு இருந்தது. உருளி மேல் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, கையால் ஆவியைத் தன் பக்கம் தள்ளிப் பார்ப்பாள். "வாழைக்காய் உப்பைக் குடிச்சாச்சுன்னா பச்சை வாசனை அடங்கிடும்டா. அடங்கலைன்னா இன்னும் ஒரு நுள்ளு உப்பு" என்பாள். அவள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்.

அந்த மூக்கோடு குடியிருப்பது லேசான காரியம் இல்லை. நான் பிளஸ் டூவைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு மொபைல் கடையில் வேலைக்குப் போகிறேன். அங்கே என் கூட்டாளி யூசுப். ஒரு ஞாயிற்றுக்கிழமை விழிஞ்ஞத்தில் அவன் மாமா கடையில் மீன் வறுவல் தின்றோம். சோப்பு போட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்து, ஏலக்காய் மென்று, பஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வீடு வரைக்கும் காற்று வாங்கிக்கொண்டு வந்தேன். வாசலில் ஒரு செருப்பைத்தான் கழற்றியிருந்தேன். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கொல்லைப்புறமா வா."

அவ்வளவுதான். திட்டவில்லை. கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரும் மாற்று வேட்டியும் தயாராக இருந்தன.

அப்பேர்ப்பட்ட மூக்கு அடைக்க ஆரம்பித்தது அப்பா போன பிறகு. அப்பா வெங்கடசுப்ரமணியன் பழவங்காடியில் பாத்திரக்கடையில் வேலை பார்த்தவர். ஒரு துலா மாசத்தில், ஐப்பசி மழை பெய்துகொண்டிருக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் அம்மா வீடு வீடாகச் சமைக்கப் போனாள். தினமும் ஈரப் புடவை, அடுப்புப் புகை. முதலில் ஜலதோஷம் என்றாள். பிறகு தலைவலி என்றாள். மெடிக்கல் ஸ்டோரில் ஒரு சின்னக் குப்பி கொடுத்தார்கள், மூக்கில் விடுகிற டிராப்ஸ். பக்கத்துக்கு இரண்டு சொட்டு விட்டால், சாத்தின கதவு திறந்த மாதிரி மூச்சு வந்தது. வாசனையும் வந்தது.

முதலில் சமைக்கப் போகிற நாளில் மட்டும் விட்டாள். பிறகு எல்லா நாளும். பிறகு அடுப்படியில் இருக்கும்போதே நடுவில் ஒரு தடவை. சொட்டின் சக்தி தீர்ந்ததும் மூக்கு முன்னைவிட இறுக்கமாகச் சாத்திக்கொண்டது. அதைத் திறக்க இன்னொரு சொட்டு. குப்பி எப்போதும் இடுப்பில், புடவை மடிப்பில் இருக்கும்.

திவசச் சமையல் நடுவில் தலைவலி மண்டையைப் பிளந்தாலும் மாத்திரை போட்டுக்கொள்ள மாட்டாள். அது வாயில் படும் விஷயம். ஆனால் டிராப்ஸுக்கு வேறு சட்டம் வைத்திருந்தாள்.

"மூக்கு வழியாப் போறது எச்சில் ஆகாது. வாசனை பாக்கறோமே, அது தோஷமா? அதே வழிதான் இதுவும்" என்றாள் ஒரு நாள். நான் கேட்காமலே சொன்னாள்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மீன் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஏலக்காய் மறந்துவிட்டது. கையையும் சரியாகக் கழுவவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டியா?" என்றாள்.

ஜெயித்த மாதிரி இருக்க வேண்டிய நேரம் அது. எனக்கு அப்படி இருக்கவில்லை. எழுந்து நானே கொல்லைப்புறம் போய்க் குளித்தேன்.

அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அப்பாவின் திவசம். எங்கள் வீடு, எங்கள் அடுப்பு. நான்தான் பிள்ளை, அதனால் தர்ப்பையை விரலில் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியது நான். இலையில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் அடுத்த தெருக் கணபதி சாஸ்திரிகள். திவசத்தில் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு சட்டம் உண்டு. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றோ நன்றாக இல்லை என்றோ சொல்லக்கூடாது, முகத்தில்கூடக் காட்டக்கூடாது. கடைசியில் பிள்ளை "திருப்தியா?" என்று கேட்பான். அவர்கள் "திருப்தி" என்பார்கள். கல்லைப் போட்டாலும் அதுதான் பதில்.

சாஸ்திரிகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். இன்னொருவரும் குடித்தார். சொம்பு காலியாகி, நான் உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். கேட்டேன், திருப்தி என்றார்கள்.

எல்லாம் முடிந்து நானும் அம்மாவும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா வாழைக்காய்க் கறியை ஒரு வாய் போட்டாள். மெல்லவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். மூக்குதான் போயிருந்தது, நாக்கு போகவில்லை.

"உப்பு ரெண்டு தடவை போட்டிருக்கேன்" என்றாள். பச்சடியைத் தொட்டுப் பார்த்தாள். "இதுலயும்."

"அப்பா ஊறுகாய்னு நெனச்சுண்டிருப்பார்மா" என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. "இதைச் சாப்டுட்டுப் போயிருக்கார்டா. திரும்பி வரதுக்கு அடுத்த துலா மாசம் ஆகும். அதுவரைக்கும் தாகத்தோட இருப்பார்."

எனக்கு இந்தச் சங்கதியிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அப்பா எங்கேயோ உதட்டை நக்கிக்கொண்டு நிற்பது கண்ணில் தெரிந்தது.

மறுநாளிலிருந்து போன் வந்தால் அம்மா ஒரே பதில் சொன்னாள். "மூக்கு வரட்டும், வரேன்." மற்ற வீடுகளைப் பற்றிக்கூட அவளுக்குக் கவலை இல்லை. ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அடுத்த துலா மாசத்துக்குள் மூக்கு திரும்ப வேண்டும். அப்பாவுக்கு ஒரு நல்ல சாப்பாடு போட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷிஜா ஒரு மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டுப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அவருக்கு மலையாளம்தான். அம்மாவுக்காகத் தமிழை இழுத்துப் பிடித்துப் பேசினார்.

"மாமி, உள்ளே ரெண்டு பக்கமும் தசை வளர்ந்து அடைச்சிருக்கு, கேட்டோ. நடுப் பாலமும் வளைஞ்சிருக்கு. ஆபரேஷன் செய்யாமே சரியாகாது."

"வாசனை வருமா?"

"வரும்னு விசாரிக்கலாம், நினைக்கலாம். உறப்பா, உறுதியா சொல்ல முடியாது."

அம்மா கொஞ்ச நேரம் அந்தப் படத்தைப் பார்த்தாள். "துலா மாசத்துக்குள்ள ஆகணும்" என்றாள். டாக்டர் ஏன் என்று கேட்கவில்லை. எழுதிக்கொண்டே கேட்டார்.

"இப்போ ஏதெங்கிலும் மருந்து உண்டா? பிரஷருக்கு, ஷுகருக்கு, வேதனைக்கு?"

"தலைவலிக்கு எப்பவாவது ஒரு மாத்திரை."

"அதை நிறுத்தணும். ரத்தம் கட்டுப்படாது. நான் வேறே எழுதித் தரேன். பின்னே?"

"வேற ஒண்ணும் இல்லை."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் குப்பி மருந்தில் சேர்த்தி இல்லை. சாவிக்கொத்து மாதிரி இடுப்பில் இருக்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

டாக்டர் ஒரு ஸ்ப்ரே கொடுத்தார். சதையின் வீக்கத்தைக் குறைக்க, ஆபரேஷன் வரைக்கும் தினமும் அடிக்க வேண்டும். எப்படி அடிப்பது என்று தன் மூக்கிலேயே காட்டினார். தலையைக் கொஞ்சம் குனிய வேண்டும். வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. முனை நடுப் பாலத்தைப் பார்க்காமல் காதுப் பக்கம் பார்க்க வேண்டும். உறிஞ்சி இழுக்கக் கூடாது, பூ முகர்வது போல மெல்ல. அம்மா அதை ஒரு பூஜை மாதிரி செய்தாள். பிறகு இடுப்பிலிருந்து குப்பியை எடுத்து வழக்கமான சொட்டையும் விட்டுக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று காலையில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். மற்ற நோயாளிகளுக்கு அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்கு அது தினப்படி வாழ்க்கை. நாக்கில் ஒரு சொட்டுப் படாமல் குளித்து, நெற்றியில் விபூதி இட்டு, நர்ஸைவிட மடியாக உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் அம்மிணி பிரஷர் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கருவியைத் தட்டிவிட்டு இன்னொரு கையில் பார்த்தாள்.

"மாமிக்கு பேடி உண்டோ?"

"பயமெல்லாம் இல்லை. சட்டுனு ஆகட்டும்."

பச்சை அங்கியை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா மறைவுத் திரைக்குப் பின்னால் போய்ப் புடவையை அவிழ்த்தாள். டக் என்று ஒரு சத்தம். குப்பி தரையில் உருண்டு, மறைவைத் தாண்டி, அம்மிணியின் செருப்பில் வந்து நின்றது. அம்மிணி எடுத்து, உற்றுப் பார்த்தாள்.

"இது எப்போ இட்டது?"

"கார்த்தால, கிளம்பறச்சே" என்று மறைவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள். "வாய்ல ஒண்ணும் படலை. மூக்குலதான்."

அம்மிணி குப்பியோடு போனாள். டாக்டர் ஷிஜா வந்தார். பிரஷர் எழுதிய அட்டையையும் குப்பியையும் பார்த்தார். ஸ்டூலை இழுத்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எத்தனை காலமாச்சு மாமி?"

"அவர் போனதுலேர்ந்து."

"தினமுமா?"

அம்மா தலையை ஆட்டினாள்.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நான் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன், தயாராக இருந்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "இது ரத்தக் குழாயைச் சுருக்குற மருந்தாக்கும். சளி பிடிச்சா கொஞ்ச நாள் விடலாம். அதுக்கு மேலே விட்டா மூக்கு இதுக்கே பழகிப்போகும். இது இல்லாமே திறக்காது. பிரஷரும் ஏறும். இந்தப் பிரஷர்ல மயக்க மருந்து தர முடியாது. இன்னிக்கு வேண்டாம்."

"நான் மருந்துன்னு நெனைக்கலை" என்றாள் அம்மா. "வாய்ல படறதுதானே கணக்கு."

"உள்ளே மூக்கும் வாயும் ஒரே வழிதானே மாமி. தொண்டையில இறங்கியிருக்குமே. கசந்திருக்குமே."

அம்மா எழுந்து மறைவுக்குப் பின்னால் போனாள். புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஆட்டோவில் வரும்போது பழவங்காடியில் நெரிசல். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வழக்கமாக அங்கே அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அன்றைக்குக் கையை எடுக்கவில்லை.

"கசந்துதுடா" என்றாள்.

"என்னது?"

"தொண்டையில. மொதல் நாள்லேர்ந்து கசந்துது. கசக்கலைன்னு நான்தான் வெச்சுண்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "டாக்டர்ட்ட மறைக்கணும்னு மறைக்கலை. மருந்துன்னு ஒத்துண்டா வாய்ல பட்டுதுன்னு ஒத்துக்கணும். எத்தனை ஆத்துல சமைச்சிருக்கேன். அத்தனையும் எச்சில்" என்றாள்.

"விடும்மா. அவாள்ளாம் கேஸ் போடவா போறா?"

"போய்ட்டவாளால போட முடியாதேடா. அதான் கஷ்டம்."

அன்று மாலை அம்மா கணபதி சாஸ்திரிகள் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சாஸ்திரிகள் தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அம்மா நின்றுகொண்டே சொன்னாள், எதையும் விடவில்லை.

சாஸ்திரிகள் மோவாயைச் சொறிந்தார். "மருந்துக்கு தோஷம் கிடையாதே மாமி."

அம்மா விழித்தாள்.

"சரீரம் முடியலைன்னா மருந்து எடுத்துக்கலாம். வாய்லயே போட்டுக்கலாம். மருந்துன்னு சொல்லிண்டு போட்டுண்டா ஆச்சு. ஒரு தப்பும் இல்லை. நீங்க அதை மருந்தே இல்லைன்னு சொல்லிண்டு விட்டுண்டேள், அதான் இத்தனை சுத்து."

இத்தனை வருஷம் எதற்குப் பயந்து அம்மா அதை மருந்தே இல்லை என்று வைத்துக்கொண்டாளோ, அந்தப் பயத்துக்கு அவசியமே இருக்கவில்லை. அடுத்ததையும் கேட்டுவிட்டாள்.

"போன வருஷம் அவரோட திவசத்துல... உப்பு..."

"அதை நான் சொல்லப்டாது" என்றார் சாஸ்திரிகள். பிறகு, டிவியைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி நன்னா இருந்தது" என்றார்.

டிராப்ஸை நிறுத்துவதுதான் ஆபரேஷனைவிடக் கஷ்டமாக இருந்தது. இரண்டு பக்கமும் ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், முதலில் ஒரு மூக்கு மட்டும், அது தெளிந்த பிறகு அடுத்தது, ஸ்ப்ரே மட்டும் இரண்டு பக்கமும் விடாமல் அடிக்க வேண்டும் என்றார் டாக்டர். வலது பக்கம் முதலில். அம்மா படுக்க முடியாமல் நாற்காலியில் சாய்ந்து, வாயால் மூச்சு விட்டாள். நாக்கு வறண்டு அப்பளம் மாதிரி ஆனது. பிரஷர் இறங்கத் தொடங்கியது.

இடது பக்கமும் நிறுத்திய அன்று குப்பியை என்னிடம் கொடுத்தாள். "எங்கயாவது வை. நான் கேட்டாலும் தராதே."

அதை அப்பாவின் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். "வேணும்னா அவர்ட்ட கேட்டு எடுத்துக்கோ" என்றேன். அவள் அந்தப் பக்கம் போகவே இல்லை. இப்போதும் குப்பி அங்கேதான் இருக்கிறது.

ஆபரேஷன் நடந்தபோது மழைக்காலம். ஒரு வழியாக முடிந்து, மூக்கில் பஞ்சும் அதன் மேல் கட்டுமாக அம்மா வெளியே வந்தாள். டாக்டர் சொன்னதையெல்லாம் இந்தத் தடவை நான் கேட்டுக்கொண்டேன். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது. பஞ்சு எடுத்த பிறகு உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். ஸ்ப்ரே எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்று அவர் சொல்வார், அதற்கு முன்னால் தொடக்கூடாது. கடைசியில் அம்மாவைப் பார்த்து, "மூக்கில இடறது எல்லாமே மருந்துதான், கேட்டோ" என்றார். அம்மா, "கேட்டேன், கேட்டேன்" என்றாள்.

சமையல் என் தலையில் விழுந்தது. நான் எல்லாவற்றையும் ருசி பார்த்தேன், அப்படியும் உப்பு சரியாக வரவில்லை. மூக்கு கழுவுகிற தண்ணீரையும் நான்தான் கலக்குவேன். காய்ச்சி ஆறிய தண்ணீர், ஆஸ்பத்திரியில் கொடுத்த பொட்டலம். ஒரு மூக்கில் பீச்சினால் மறு மூக்கு வழியாக வரும், கொஞ்சம் தொண்டையிலும் இறங்கும். முதல் நாள் அம்மா துப்பிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு கூடுதல்டா. தண்ணியைக் கம்மியா விட்டிருக்கே."

பாட்டிலைப் பார்த்தேன். கோடு வரைக்கும் ஊற்றவில்லைதான்.

மூச்சு நன்றாக வந்தது. நாற்காலியை விட்டுப் பாயில் படுத்து, வாயை மூடிக்கொண்டு தூங்கினாள். அதை நான் வெகுகாலமாகப் பார்த்ததில்லை. ஆனால் வாசனை வரவில்லை. காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்துக்கு நேராகப் பிடிப்பாள், மூடி வைத்துவிடுவாள். மல்லிகை, கற்பூரம், எண்ணெய், எதுவும் இல்லை. டாக்டரிடம் கேட்டோம். உள்ளே ஆறியிருக்கிறது, ஸ்ப்ரேயை நிறுத்தாதீர்கள், காத்திருங்கள் என்றார். எவ்வளவு காலம் என்று அவருக்கும் தெரியாது. கன்னி மாசம் பிறந்துவிட்டது, அடுத்தது துலா.

வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நான் ஞாயிறுதோறும் விழிஞ்ஞம் போனேன். மீன் தின்பதற்கு இதைவிடப் புண்ணியமான காரணம் யாருக்கும் கிடைத்திருக்காது. "நின்டெ அம்மைக்கு வேண்டி நீ தின்னு" என்று சொல்லி யூசுப் இன்னொரு தட்டு வைப்பான். ஏலக்காய் கிடையாது, சோப்பு கிடையாது. நேராக வீட்டுக்கு வந்து, கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காத மாதிரி பார்ப்பேன்.

"சாப்பிட்டியா?" என்பாள்.

"ம்."

எழுந்து கொல்லைப்புறம் போவேன். கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்வேன். கண்ணில் வருவது எந்தத் தண்ணீர் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

துலா மாசம் பிறந்தது. திதி நெருங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு மீன் இறங்கவே இல்லை. இரண்டு வாய் தின்றுவிட்டு, யூசுப் சொல்லியும் கேட்காமல் பஸ் ஏறினேன். மழைச் சாரல். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம் போல உள்ளே நடந்தேன்.

"கொல்லைப்புறமா வா."

நின்றுவிட்டேன். அம்மா கூடத்தில்தான் இருந்தாள். கையில் ஸ்ப்ரே இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மூக்கின் நுனியை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள், வேறு யாருடைய மூக்கோ என்பது போல.

"என்ன மீன்?" என்றாள்.

"நெத்திலி."

"நாறறதுடா" என்றாள். அதை அவள் சொன்ன விதத்தில் ஒரு அருவருப்பும் இல்லை. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் கொல்லைப்புறம் போய் வேண்டியதைவிட அதிகமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.

வந்தது முழு மூக்கு இல்லை. சில வாசனை வந்தது, சிலது வரவில்லை. காப்பி வந்தது, நெய் வரவில்லை. திவசச் சமையலுக்கு வேறு ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்டேன். "அவருக்கு நான்தான் போடணும்" என்றாள். வந்த மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை.

அன்று விடிந்ததும் அம்மா கிணற்றடிக்குப் போனாள். முதலில் உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினாள். ஸ்ப்ரே அடித்தாள், காதுப் பக்கம் பார்த்து, பூ முகர்வது போல. அடித்த பிறகு, யாரிடமோ சொல்கிற மாதிரி, "மருந்து" என்றாள். அதன் பிறகு குளித்தாள்.

வாழைக்காய் வெந்துகொண்டிருந்தது. அம்மா உப்பைப் போட்டாள். மூடி வைத்துத் திறந்தாள். குனிந்து, கண்ணை மூடி, கையால் ஆவியைத் தள்ளினாள். நான் அடுக்களை வாசற்படியில் தர்ப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் நிமிரவே இல்லை. ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். பார்க்க யாரும் இல்லை, என்னைத் தவிர. நானோ இந்த விஷயத்தில் சாட்சி சொல்லக்கூடிய ஆள் இல்லை.

அவள் கரண்டியைத் தொடவில்லை. மறுபடி குனிந்தாள். பிறகு உப்பு மரவையிலிருந்து விரல் நுனியால் கொஞ்சம் எடுத்தாள். எடுத்ததில் பாதியைத் திரும்பப் போட்டாள். மீதியை உருளியில் தூவி, அடுப்பை அணைத்தாள்.

சாஸ்திரிகளும் இன்னொருவரும் இலையில் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்திருந்தேன். அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர்கள் முகத்தை அவள் பார்க்கவில்லை. முகத்தில் ஒன்றும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். சொம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கறி போயிற்று. பச்சடி போயிற்று. ரசம் போயிற்று. சாஸ்திரிகள் கையை நீட்டினார். அம்மாவின் விரல் கதவை இறுக்கிப் பிடித்தது. அவர் சொம்பைத் தாண்டி வாழைக்காய்க் கிண்ணத்தைக் காட்டினார். நான் பரிமாறினேன். மந்திரத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் தண்ணீர் செலவானது.

"திருப்தியா?" என்று கேட்டேன்.

"திருப்தி" என்றார் சாஸ்திரிகள். போன வருஷம் சொன்ன அதே வார்த்தை, அதே குரல். கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அம்மா அங்கே இல்லை. உள்ளே அடுப்பு மேடையில் கையை ஊன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு நாங்கள் உட்கார்ந்தோம். நான் முதல் வாய் போட்டதும் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். மற்ற நாளாக இருந்தால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்து காட்டியிருப்பேன். அன்று மென்று விழுங்கினேன், அவ்வளவுதான். அவளும் சாப்பிட்டாள்.

"பச்சடியில ஒரு நுள்ளு குறைவு" என்றாள். "நீ ஏன் சொல்லலை?"

"சாப்பிடறவா சொல்லப்டாதே."

"அது அவாளுக்குடா. உனக்கில்லை."

"சரி. பச்சடியில ஒரு நுள்ளு குறைவு."

"கறி?"

"கறி சரியா இருக்கும்மா."

அம்மா மீதிக் கறியையும் சாப்பிட்டு முடித்தாள். எழுந்து கையைக் கழுவினாள். சாஸ்திரிகள் குடிக்காமல் விட்ட அந்தச் சொம்பை, தண்ணீரோடு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். காக்கைக்குப் பிண்டம் வைத்திருந்த கல்லின் மேல், இலைக்குப் பக்கத்தில், அதை வைத்தாள்.

"எதுக்கும்மா?"

"போன வருஷத்துக்கு" என்றாள்.

காக்கை பிண்டத்தை ஏற்கெனவே கொத்திக்கொண்டு போயிருந்தது. சொம்புக்கு யாரும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் நடையில் நின்று, சொம்பு நிறைந்து, வழிந்து, கல்லை நனைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தோம். உள்ளே அம்மாவின் போன் அடித்தது. அம்மா கொஞ்சம் அடிக்க விட்டுவிட்டு, போய் எடுத்தாள்.

"சொல்லுங்கோ மாமா" என்றாள். "என்னிக்குத் திதி?"